முழங்காலிலிருந்து இடுப்பு வரை

எங்கள் குடும்பத்தில் ஆண்கள் விழுந்த கதைகள் எல்லோருக்கும் மனப்பாடம். நைனா பம்புசெட் தொட்டிச் சுவரிலிருந்து வழுக்கி விழுந்து பல் உடைந்தது, பெரிய மாமா மாட்டு வண்டி குடை சாய்ந்து வாய்க்காலில் கிடந்தது, அண்ணன் கபடியில் தோள்பட்டை நழுவி, அந்தக் கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டே வீடு வரைக்கும் நடந்து வந்தது. பொங்கலுக்கு எல்லோரும் கூடினால் யாராவது ஒருவர் ஆரம்பித்து வைப்பார், அப்புறம் ஒவ்வொன்றாக வரும். பெண்கள் விழுந்த கதை அந்த வரிசையில் வந்து நான் கேட்டதில்லை. அம்மா எங்கெல்லாம் விழுந்தார் என்பது, அவருக்கு 78 வயதாகி, ஒரு எக்ஸ்ரே படத்தை மருத்துவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த அன்றுதான் எங்களுக்குத் தெரிய வந்தது.

அதைச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் என் கதையையும் சொல்ல வேண்டும். ஒரு பெண் எந்த வயது வரைக்கும் விழலாம், எந்த வயதுக்கு மேல் விழுந்தால் வெளியே சொல்லக் கூடாது என்பதற்கு ஊரில் ஒரு கணக்கு இருந்தது. அந்தக் கணக்குக்குள்தான் நானும் வளர்ந்தேன்.

எங்கள் ஊர் திருத்தணிக்குப் பக்கம். வீட்டுக்குப் பின்னால் கிணற்றுத் தண்ணீர் போகும் வாய்க்காலை ஒட்டி ஒரு முருங்கை மரம் நின்றது. வேம்பும் புளியும் முறிவதற்கு முன் ஒரு சத்தமாவது கொடுக்கும். முருங்கைக் கொம்பு அதுகூடக் கொடுக்காது. பார்க்கத் தடியாக இருக்கும், பாரம் ஏறியதும் அப்படியே ஒடிந்துவிடும். அதனால்தான் எல்லா வீட்டிலும் காய் பறிக்கத் துரட்டி வைத்திருப்பார்கள். எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். துரட்டிக்கு எட்டாத கொம்பில் பிஞ்சு நிறையத் தொங்கியது. ஏறினேன், கொம்போடு சேர்ந்து கீழே வந்தேன்.

எழுந்து பார்த்தபோது இடது முன்கை நடுவில் வளைந்திருந்தது. வலி கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தது. ஆயா போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. ஒருத்தர் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார், ஒருத்தர் சிராய்ப்பில் வைக்க வெட்டுக்காயப் பூண்டைக் கசக்கிக்கொண்டு ஓடிவந்தார். ஆயா நான் விழுந்த இடத்து மண்ணை எடுத்து என் தலையைச் சுற்றிப் போட்டார். அம்மா பழைய புடவையைக் கிழித்துக் கையைக் கழுத்தோடு தூளி கட்டிவிட்டார். யாரும் திட்டவில்லை. எட்டு வயதுப் பெண் மரத்திலிருந்து விழலாம், ஊரே வந்து தூக்கும்.

மறுநாள் காலை நைனா என்னை ரயிலில் புத்தூருக்குக் கூட்டிப் போனார். திருத்தணியைத் தாண்டி ரேணிகுண்டா போகிற தடத்தில் கொஞ்ச நேரத்திலேயே ஆந்திரா வந்துவிடும். சென்னைத் தெருக்களில் ‘புத்தூர் கட்டு’ என்று இன்றைக்கும் பலகை மாட்டியிருக்கிறார்களே, அந்தப் பெயருக்கு உரிய ஊர் இதுதான். அப்போது சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. எங்கள் பக்கத்தில் கையோ காலோ முறிந்தால் வேறு பெயரே யாருக்கும் வாயில் வராது. வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் தமிழ் பேசினார்கள். வைத்தியர் என் கையைப் பார்க்காத மாதிரி என் பெயரைக் கேட்டார், என்ன படிக்கிறாய் என்று கேட்டார். நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இழுத்து நேராக்கிவிட்டார். அப்புறம் பச்சிலை அரைத்த விழுது, முட்டை வெள்ளைக்கரு, துணி, அதன் மேல் மூங்கில் சிம்பு. காயக் காயக் கட்டு இறுகியது. அந்தப் பச்சிலையும் முட்டையும் சேர்ந்த வாடை எனக்கு இன்றைக்கும் மூக்கில் இருக்கிறது.

கை அருமையாகச் சேர்ந்துவிட்டது. அதில் பெரும்பங்கு என் வயதுக்கு உண்டு என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. குழந்தைகளின் எலும்புக்கு மேல் இருக்கும் உறை தடிமனானது, எலும்பும் வளைந்து கொடுக்கும். அதனால் பெரியவர்களுக்கு உடைவது போல இரண்டாக உடையாமல், பச்சைக் குச்சியை வளைத்தது போல ஒரு பக்கம் விரிசல் விட்டு மறுபக்கம் ஒட்டிக்கொண்டு நிற்கும். சீக்கிரம் கூடும். கொஞ்சம் கோணலாகக் கூடினாலும், வளர்கிற எலும்பு தானே அதை நிமிர்த்திக்கொள்ளும். என் இடது கையில் இப்போது தேடினாலும் ஒரு அடையாளம் கிடைக்காது.

பக்கத்துத் தெருப் பையன் ஒருவனுக்கு அப்படி அமையவில்லை. ஊஞ்சலிலிருந்து விழுந்து, முழங்கைக்குச் சற்று மேலே முறிந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு, அதுவும் ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள், அதிகம் முறிகிற இடம் அது. கைக்குப் போகும் முக்கியமான ரத்தக் குழாய் அந்த எலும்பை ஒட்டித்தான் ஓடுகிறது. அவனை வேறு ஏதோ ஊரில் கட்டுப் போடுகிற ஒருவரிடம் கொண்டுபோனார்கள். அவர் இறுக்கிக் கட்டி அனுப்பிவிட்டார். பையன் ராத்திரி முழுக்க அழுதான். முறிந்த கை வலிக்கத்தானே செய்யும் என்று எல்லோரும் சமாதானம் சொன்னார்கள். விரல்கள் வீங்கி, வெளுத்து, ஜில்லிட்டுப் போன பிறகுதான் கட்டை அவிழ்த்தார்கள். ரத்தம் போகாமல் முன்கைத் தசை செத்துவிட்டால், அது தழும்பாகச் சுருங்கி விரல்களை உள்ளே இழுத்துவிடும். ஜெர்மன் அறுவை மருத்துவர் ஃபோல்க்மன் 1881-இல் இதை விவரித்து எழுதினார், இன்றும் அவர் பெயரால்தான் மருத்துவர்கள் இதைச் சொல்கிறார்கள். அந்தப் பையனுக்கு இப்போது பேரப் பிள்ளைகள் இருக்கிறார்கள். வலது கை விரல்கள் மடங்கியபடியேதான் இருக்கின்றன.

இதைப் படிக்கிறவர்களில் சின்னப் பிள்ளைகள் வைத்திருப்பவர்கள் இருந்தால் கேட்டுக்கொள்கிறேன். மாவுக்கட்டோ மூங்கில் கட்டோ, எதுவானாலும் சரி, கட்டுப் போட்ட பிறகு வலி குறையாமல் ஏறிக்கொண்டே போனால், விரலை மெல்ல நீட்டிவிட்டாலே பிள்ளை அலறினால், விரல் மரத்தோ சில்லிட்டோ போனால், காலை வரை பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம். அந்த ராத்திரியே கட்டைத் தளர்த்த வைத்து, பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விடுங்கள். சில மணி நேரம்தான் அவகாசம்.

வயசுக்கு வந்த பிறகு நான் விழவில்லை. விழுகிற இடத்துக்கெல்லாம் போக முடியவில்லை என்பதுதான் உண்மை. மரம் கிடையாது, கிணற்றுக் குளியல் கிடையாது, ஓட்டம் கிடையாது. வேகமாக நடந்தாலே “பொம்பளப் புள்ள, பார்த்து” என்று ஒரு குரல் வரும். அண்ணன் அந்த வயதில்தான் வாடகை சைக்கிள் எடுத்து, குரங்குப் பெடல் போட்டு, முழங்காலெல்லாம் பொருக்கோடு திரிந்தான். எனக்கும் ஆசை இருந்தது. “விழுந்து வெச்சா யாரு கட்டிக்குவா?” என்று ஆயா ஒரே வரியில் முடித்துவிட்டார்.

1990-களின் தொடக்கத்தில் எனக்கு முதல் ஆசிரியர் வேலை புதுக்கோட்டை மாவட்டத்தில் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் அவ்வளவு தூரமா என்று கலங்கினார்கள். போன இடத்தில், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் அறிவொளி இயக்கம் ஊர் ஊராக நடந்துகொண்டிருந்தது. சாயங்காலமானால் தெரு விளக்கடியில், கோயில் திண்ணையில், கல்லுடைத்துவிட்டும் நடவு நட்டுவிட்டும் வந்த பெண்கள் சிலேட்டோடு உட்காருவார்கள். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக்கொண்டார். பெண்களுக்கு சைக்கிள் கற்றுக்கொடுப்பது இயக்கத்தின் வேலைகளில் ஒன்றாக ஆனது. ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றுக்கொண்டார்கள். இது எழுதப்பட்டிருக்கிறது, படம் பிடிக்கப்பட்டிருக்கிறது, வெளிநாட்டுக்காரர்கள்கூடப் பேசியிருக்கிறார்கள். நான் அங்கே பார்த்ததில் யாரும் அதிகம் எழுதாத ஒன்று உண்டு. அவர்கள் எவ்வளவு விழுந்தார்கள் என்பது.

பெரிய சைக்கிள்கள்தான் பெரும்பாலும் கிடைக்கும், நடுவில் பார் போட்ட ஜென்ட்ஸ் சைக்கிள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பின்னால் ஒருத்தி கேரியரைப் பிடிக்க, முன்னால் ஒருத்தி ஹேண்டில்பாரைப் பிடிக்க, பள்ளிக்கூட மைதானத்தில் கற்றுக்கொள்வார்கள். முந்தானை செயினில் மாட்டும். நிற்கத் தெரியாது, பெடலில் இருந்த கால் தரைக்கு எட்டாது, அப்படியே பக்கவாட்டில் சாய்ந்துவிடுவார்கள். முழங்கை தேயும், முழங்கால் தேயும், கணுக்காலில் பெடல் வந்து அடிக்கும். நாற்பது வயதுப் பெண்கள், பேரன் எடுத்தவர்கள், மண்ணில் கிடந்துகொண்டு சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் எந்தப் பெரிய பெண்ணிடமும் கேட்டதில்லை. என் அம்மா வயதில் இருந்த ஒரு கல்குவாரித் தொழிலாளி, முழங்காலில் ரத்தம் வழிய எழுந்து வந்து, “டீச்சரு, இதுக்கு முன்னாடி நான் கீழ விழுந்தது எட்டு வயசுல” என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எனக்கும் அதேதானே.

நானும் அவர்களோடு கற்றுக்கொண்டேன், அவர்களோடுதான் விழுந்தேன். இரண்டு முழங்காலிலும் அந்தத் தழும்பு இருக்கிறது. வலது முழங்காலில் இருப்பதன் உள்ளே ஒரு சின்னக் கல் துணுக்கு, தோலுக்கடியில் நீலமாகத் தெரியும். புண்ணைச் சரியாகக் கழுவாமல் மண்ணோடு மூடிக்கொண்டால் அப்படி நிறம் தங்கிவிடும். சுத்தமான தண்ணீரில் நன்றாகக் கழுவுவதும், டி.டி. ஊசி போட்டுக்கொள்வதும்தான் சிராய்ப்புக்கு முதல் வைத்தியம். அந்தப் பெண்கள் காப்பித்தூளையும் சுண்ணாம்பையும் வைத்து அமுக்குவதைத் தடுத்து, சோப்புப் போட்டுக் கழுவ வைப்பதும் எங்கள் சாயங்கால வகுப்பில் ஒரு பாடமானது. வீட்டுக்குப் போனால் புருஷனிடம், மாமியாரிடம் திட்டு விழும் என்று புடவையை இறக்கிக் காயத்தை மறைத்துக்கொண்டு போனவர்களும் இருந்தார்கள். சில வாரம் கழித்து அதே பெண்கள் முன்னால் ஒரு பிள்ளையும் பின்னால் தண்ணீர்க் குடமுமாகச் சாலையில் போனார்கள். அப்போது மறைக்க எதுவும் இல்லை.

திருமணத்துக்கு அப்புறம் ஸ்கூட்டர் வந்தது. அதில் ஒரு முறை வேகத்தடையில் தூக்கிப் போடப்பட்டு, பின்னால் ஒரு பக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்திருந்த நான் சாலையில் விழுந்தேன். தாடையில் தையல், அவ்வளவுதான். புடவை சக்கரத்தில் மாட்டாமல் இருந்தது பெரிய விஷயம். பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைப்பு இருக்க வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதி சொல்கிறது. கைப்பிடியும் கால் வைக்கும் இடமும் அதே விதியில்தான் வருகின்றன. அழகுக்காக அந்தத் தகட்டைக் கழற்றிவிட்டு வண்டி ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. பின்னால் உட்காருவது பெரும்பாலும் ஒரு பெண். துப்பட்டாவோ புடவையோ உள்ளே போனால் இழுபடுவது அவள் கழுத்து. தலைக்கவசத்திலும் அதே கதைதான். 2015 ஜூலை 1 முதல் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி தமிழ்நாட்டில் பின்னால் இருப்பவருக்கும் அது கட்டாயம். எங்கள் தெருவில் இன்றைக்கும் ஓட்டுகிறவர் தலையில்தான் அது இருக்கிறது.

சரி, என் மணிக்கட்டு முறிந்த கதைக்கு வருகிறேன்.

ஐம்பதைத் தாண்டிய பிறகு, ஒரு ஐப்பசி மழைக்காலத்தில், வீட்டு முன்வாசலில் புதிதாகப் போட்ட டைல்ஸில் கால் வழுக்கிற்று. விழும்போது யாராக இருந்தாலும் கையை முன்னால் ஊன்றுவார்கள். ஊன்றினேன். உடம்பின் பாரம் முழுக்க உள்ளங்கை வழியாக மணிக்கட்டில் இறங்கியது. பார்த்ததுமே தெரிந்தது, மணிக்கட்டுக்கு மேலே எலும்பு பின்பக்கமாகத் தள்ளி நின்றது. டப்ளினில் மருத்துவராக இருந்த ஆபிரகாம் கோலஸ் இந்த முறிவை 1814-இல் விவரித்தார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டதே 1895-இல்தான். அவர் வெளியிலிருந்து பார்த்தும் தொட்டும் மட்டுமே இதைச் சரியாகச் சொல்லியிருக்கிறார் என்பதைப் படித்தபோது, புத்தூர் வைத்தியரின் விரல்கள் நினைவுக்கு வந்தன.

அரசு மருத்துவமனையில் இளம் மருத்துவர் ஒருவர் முறிந்த இடத்தில் மரத்துப்போக ஊசி போட்டு, இழுத்துப் பொருத்தி, மாவுக்கட்டுப் போட்டார். மாவு இறுகும்போது கை கதகதவென்று சுட்டது. ஜிப்சத்தைச் சுட்டுப் பொடித்ததுதான் அந்த மாவு. தண்ணீரைத் திரும்பக் குடித்துக் கல்லாகும்போது சூட்டை வெளியே விடும். 1850-களின் தொடக்கத்தில் மத்தைசன் என்ற டச்சு ராணுவ மருத்துவர் துணியில் இந்தப் பொடியைத் தேய்த்து வைத்து, வேண்டும்போது நனைத்துச் சுற்றும் முறையைக் கொண்டுவந்தார். போர்க்களத்தில் முறிந்த கால்களுக்காக வந்தது, எங்கள் வீட்டு டைல்ஸ் வரைக்கும் வந்துவிட்டது.

கட்டு முடிந்ததும் அந்த மருத்துவர் கேட்டார், “எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தீங்கம்மா?”

“உயரமெல்லாம் இல்ல டாக்டர். நின்ன இடத்துலதான்.”

“நின்ன இடத்துல விழுந்து எலும்பு உடையக் கூடாதும்மா.”

அந்தப் பேச்சுதான் என்னை எலும்பு அடர்த்திப் பரிசோதனைக்குக் கொண்டுபோனது. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் குறைகிறது, முதல் சில ஆண்டுகளில் எலும்பு வேகமாக அடர்த்தி இழக்கிறது. வலி கிடையாது, வீக்கம் கிடையாது, வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு சின்ன விழுதலில் மணிக்கட்டு முறிந்தால்தான் பலருக்கு முதல் தகவலே வருகிறது. உலக சுகாதார நிறுவனம் 1994-இல் வகுத்த அளவின்படி, அந்தப் பரிசோதனையில் வரும் டி-ஸ்கோர் என்ற எண் மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே போனால் ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் நோய். எனக்கு அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் வந்திருந்தது. மாத்திரை, வைட்டமின் டி, தினம் நடை என்று தொடங்கியாயிற்று. ஐம்பதைத் தாண்டிய பெண்ணுக்கு மணிக்கட்டு முறிந்து, கட்டு மட்டும் போட்டு வீட்டுக்கு அனுப்பினால், பாதி வைத்தியம்தான் நடந்திருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. மீதிப் பாதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி அம்மா.

நைனா போன பிறகு அம்மா என்னோடுதான் இருக்கிறார். ஒரு ராத்திரி குளியலறைக்குப் போனவர் திரும்பி வர நேரமானது. கேட்டதற்கு “ஒண்ணுமில்ல, தூக்கம் வரல” என்றார். மறுநாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். தொடை இடுக்கில் வலி, வாயுப் பிடிப்பு என்றார். நொச்சி இலை வதக்கி ஒத்தடம் கொடுத்தோம். சில நாள் கழித்துக் காலையில் கட்டிலை விட்டு எழ முடியவில்லை. பார்த்தால் ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாக, பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. 108-ஐ அழைத்தோம்.

தொடை எலும்பின் கழுத்து முறிந்திருந்தது. சிலருக்கு முறிந்த முனை இன்னொன்றுக்குள் குத்தி நின்றுகொள்ளும். அப்போது வலியோடு நடக்கக்கூட முடியும், அதனால் ஏமாந்துவிடுவோம். பிறகு ஒரு நாள் அது விலகும். அந்த இடத்தில் எலும்பின் தலைக்கு ரத்தம் கொடுக்கும் குழாய்கள் மெல்லியவை, முறிவோடு அவையும் அறுந்துபோகும். வயதானவர்களுக்குத் தானாகக் கூடுவது அரிது. படுக்க வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்குக் கொண்டுவந்தால், நுரையீரலில் சளி கட்டும், படுக்கைப் புண் வரும், காலில் ரத்தம் உறையும். ஆகவே முடிந்தவரை ஓரிரு நாளில் அறுவை செய்து, உடனே எழுந்து நிற்க வைப்பதுதான் இன்றைய முறை. உலகம் முழுக்க ஆண்டுக்கு ஏறத்தாழ 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. விபத்துச் சாவுகளில் சாலைக்கு அடுத்த இடம் இதற்கு. அதிலும் அறுபது வயதைத் தாண்டியவர்கள்தான் அதிகம்.

அறுவைக்கு முன்னால் நெஞ்சு, முதுகு, இடுப்பு எல்லாவற்றுக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். மருத்துவர் முதுகுப் படத்தைத் தூக்கிப் பிடித்து, ஒரு முள்ளெலும்பைக் காட்டினார். அது முன்பக்கம் நசுங்கி ஆப்பு வடிவத்தில் இருந்தது. “இது பழைய முறிவு. எப்ப விழுந்தாங்க?” என்று எங்களைக் கேட்டார். அண்ணனும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

கட்டிலில் கிடந்த அம்மா பதில் சொன்னார். “உங்க நைனா போன வருசம். பரண்மேல இருந்து குதிர் மூடியை எடுக்கப் போனேன். ஏணி சறுக்கிடுச்சு. உக்காந்த மாதிரியே விழுந்தேன்.”

ஏன் சொல்லவில்லை என்று அண்ணன் கேட்டான். “வீட்டுல அவ்வளோ பேரு அழுதுக்கினு இருக்கீங்க. நான் என் முதுகைப் பத்திப் பேசறதா?”

அந்த வலிக்கு அவர் என்ன செய்தார் தெரியுமா? பிறக்கும்போது கால் முதலில் வந்து பிறந்தவர்கள் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விலகும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. பக்கத்து ஊரில் அப்படி ஒரு பெண் இருந்தாளாம். நசுங்கிப்போன முள்ளெலும்பின் மேல் அவளைக் கால் வைத்து மிதிக்கச் சொல்லி, மூன்று வாரம் போய் வந்திருக்கிறார். மருத்துவர் அதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

அப்புறம் அம்மா தானாகவே சொல்லிக்கொண்டே போனார். யாரோ கேட்பதற்காகக் காத்திருந்த மாதிரி இருந்தது. அண்ணன் வயிற்றில் ஆறு மாதமாக இருந்தபோது கிணற்றடியில் பாசி வழுக்கிக் குடத்தோடு விழுந்தது. அன்றைக்கு உடைந்த குடத்துக்குத்தான் திட்டு விழுந்தது. ஆடிக் கிருத்திகை அன்று திருத்தணி மலையின் 365 படிகளில், இறங்கும்போது கூட்டத்தில் தள்ளப்பட்டுக் கணுக்கால் பிசகியது. அதோடு வீடு வரைக்கும் வந்து, வந்தவர்களுக்கெல்லாம் சமைத்துப் போட்டது. கழனி வரப்பில் புல்லுக்கட்டோடு சாய்ந்தது. அந்த முறை விலா எலும்பாக இருக்கும், மூச்சு விட்டால் குத்தும் என்றார். ஒவ்வொன்றுக்கும் ஊரும் மாதமும் நினைவில் இருந்தன. அப்போது எந்தப் புடவை கட்டியிருந்தார் என்பதுகூட.

என் முருங்கை மரக் கதை அவருக்கும் நினைவிருந்தது. “உனக்குக் கட்டுக் கட்டின அன்னிக்கு எனக்குச் சுண்டு விரல் வீங்கியிருந்துச்சு. உன்னைத் தூக்க ஓடி வந்தப்ப நிலையில இடிச்சிக்கினேன்” என்றார். வலது கைச் சுண்டு விரலைத் தூக்கிக் காட்டினார். அது எப்போதுமே கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும். பிறவியிலேயே அப்படி என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. தொடை எலும்பின் தலையை எடுத்துவிட்டு உலோகத் தலை வைத்தார்கள். மறுநாளே வாக்கரைப் பிடித்து நிற்க வைத்தார்கள். பயந்து அழுதார், ஆனாலும் நின்றார். வீட்டுக்கு வந்ததும் மருத்துவர் சொன்னபடி எல்லாவற்றையும் மாற்றினோம். குளியலறை விளக்குக்கான சுவிட்ச் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்தது. கம்மோடின் இரு பக்கமும் கைப்பிடி, தரையில் ரப்பர் மேட், தேய்ந்துபோன செருப்புக்குப் பதில் பிடிப்புள்ள செருப்பு. ராத்திரி சாப்பிடும் ரத்தக் கொதிப்பு மாத்திரை, சடாரென்று எழுந்தால் தலை சுற்ற வைக்கிறது என்று தெரிந்ததும் மருத்துவர் நேரத்தை மாற்றிக் கொடுத்தார். கண்ணில் புரை இருந்தது, அதையும் எடுத்தாயிற்று. இதில் எதுவும் பெரிய செலவில்லை. கைப்பிடி வைக்கத்தான் பெரிய சண்டை. “நான் என்ன நோயாளியா?” என்று இரண்டு வாரம் அதைத் தொடவே இல்லை.

விழுந்ததை ஏன் மறைத்தாய் என்று நிதானமாக ஒரு நாள் கேட்டேன். குடம் உடைந்த காலத்தில் திட்டுக்குப் பயந்து மறைத்தாராம். இப்போது எங்களுக்குப் பயந்து. “சொன்னா கட்டில்லயே உக்கார வெச்சிடுவீங்க. கோயிலுக்குப் போகாதே, மொட்டை மாடிக்குப் போகாதேன்னுவீங்க.” அவர் சொன்னது சரிதான். விழுந்தவர்களைக் கட்டிலோடு கட்டிப் போடுவது நம் வீடுகளில் வழக்கமாக நடப்பதுதான். நடக்காமல் உட்கார்ந்தால் தொடைத் தசை கரைந்து, அடுத்து விழுவதற்கு அதுவே வழி செய்யும். அதனால் ஒரு ஒப்பந்தம் போட்டோம். விழுந்தால் அன்றைக்கே சொல்ல வேண்டும். சொன்னதற்காக நடமாட்டத்தில் எதையும் நிறுத்த மாட்டோம். அண்ணனையும் சத்தியம் செய்ய வைத்தார்.

போன மாதம் சாயங்காலம் கோயிலுக்குப் போய்விட்டு வந்தவர், வாக்கரை ஓரமாக வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். அவருடைய தோழி, எதிர்த்தெருவில் இருப்பவர், இடது கையைப் புடவைக்குள் வைத்துக்கொண்டே பூ வாங்கினாராம். ஒரு கையாலேயே கும்பிட்டாராம்.

“விழுந்திருக்கா. கேட்டா இல்லன்னுவா. நீ போயி, அவ மருமக இல்லாத நேரமா பார்த்துக் கேளு” என்றார்.

போனேன். முதலில் இல்லை என்றுதான் சொன்னார். அம்மாவின் பரண் கதையைச் சொன்னதும் கையை வெளியே எடுத்தார். மணிக்கட்டு வீங்கி, கன்னிப்போய் இருந்தது. ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் எக்ஸ்ரே எடுத்தோம், முறிவுதான். மாவுக்கட்டுப் போட்டு முடித்ததும், எலும்பு அடர்த்திப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுங்கள் என்று மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். வருகிற வியாழக்கிழமை தேதி கொடுத்திருக்கிறார்கள். அம்மாவும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்.